தூரத்தைக் கடந்த சிகிச்சை

மனநோயாளர்க்கு மருந்து மட்டும் போதாது. அவர்தம் உள்ளக் கவலையைப் பொறுமையோடு கேட்கும் வைத்தியரும் வேண்டும். அத்தகைய வைத்தியரோ பெரும்பாலும் நகரங்களிலேயே தங்கிவிடுவர். தொலைவிலுள்ள அரசாங்க வைத்தியசாலைகளில் நோயாளர் காத்திருப்பர். ஐக்கிய அமெரிக்காவின் நெபிராஸ்கா மாநிலமும் ஒருகாலத்தில் இக்குறையை நன்கு அறிந்திருந்தது.

அம்மாநிலத்து ஒமாகா நகரின் உளமருத்துவ நிலையத்திற் பணிபுரிந்த டாக்டர் செசில் விட்சன் என்பார், தொலைக்காட்சியின் துணையை நாடினார். மாணவர்க்குப் பாடம் புகட்டப் பயன்பட்ட அக்கருவி, 1959ஆம் ஆண்டிலே சிகிச்சைக் கருவியாயிற்று. வைத்தியர் ஓரிடத்தில் இருந்தார். நோயாளர் குழுவாக வேறோரிடத்தில் அமர்ந்தனர். இருசாராரும் ஒருவரையொருவர் திரையிற் கண்டு உரையாடினர்.

திரையிலே தோன்றும் உருவத்திடம் மனிதர் மனந்திறந்து பேசுவரோ? அன்று எழுந்த ஐயம் இதுவே. குழுச் சிகிச்சையை இம்முறையில் நடத்தல் இயலும் என்பதை விட்சனும் அவர்தம் துணைவரும் 1961இல் எழுதி வெளியிட்டனர்.

1964ஆம் ஆண்டில், தேசிய மனநல நிறுவனம் அளித்த 4,80,000 டொலர் உதவியால், 112 மைல் தொலைவிலிருந்த நோர்போக் அரசாங்க வைத்தியசாலை ஒமாகாவுடன் இணைக்கப்பட்டது. கடினமான நோய்களை ஆராய்தல், பேச்சுப் பயிற்சி, ஊழியர்க்குக் கல்வி ஆகியன அவ்வழியே நடைபெற்றன.

2020ஆம் ஆண்டில் பெருந்தொற்று மக்களை வீடுகளில் முடக்கியபோது, இம்முறை உலகின் பல நாடுகளிலும் விரைந்து பரவிற்று. எனினும், கருவி தூரத்தைக் குறைக்குமேயன்றி வைத்தியரைப் படைத்துத் தராது. திரையின் மறுபுறத்தே செவிசாய்க்கும் ஒருவர் இருந்தாலன்றித் திரையினால் ஆவதொன்றில்லை.