சென்னை–யாழ்ப்பாணம் வான்வழி: தொலைவும் பயண நேரமும்

சென்னை மீனம்பாக்கம் விமான நிலையத்துக்கும், யாழ்ப்பாணக் குடாநாட்டின் பலாலியில் உள்ள யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையத்துக்கும் இடையே நேர்கோட்டுத் தொலைவு சுமார் 355 கி.மீ. (ஏறத்தாழ 192 கடல் மைல்). பயண நேரம் பொதுவாக 1 மணி 15 நிமிடம் முதல் 1 மணி 30 நிமிடம் வரை.

தொலைவு

இரு நிலையங்களும் ஏறக்குறைய ஒரே தீர்க்கரேகையில் உள்ளன. அட்சரேகையில் மட்டும் 3.2 பாகை வேறுபாடு. ஒரு பாகைக்கு 60 கடல் மைல் என்பதால், பெருக்கிப் பார்த்தாலே தொலைவு கிடைத்துவிடும். வரைபடத்தில் கோடு போட்டால், அது கல்பாக்கத்துக்குச் சற்றுத் தெற்கே கரையைக் கடந்து, புதுச்சேரியையும் நாகப்பட்டினத்தையும் மேற்கே விட்டுக் கடல்மேல் செல்லும். பாக் நீரிணையைத் தாண்டிக் குடாநாட்டின் வடகரையை அடையும்.

பயண நேரம்

இத்தடத்தில் பறக்கும் ஏடிஆர்-72 விமானம் மணிக்கு ஏறத்தாழ 500 கி.மீ. வேகத்தில் செல்லக்கூடியது. அதே வேகத்தில் நேராகப் பறந்தால் 43 நிமிடம் போதும். ஆனால் கால அட்டவணையில் உள்ள நேரம், விமானம் நிறுத்துமிடத்திலிருந்து நகர்வதில் தொடங்கி, சேருமிடத்தில் நிற்பதில் முடிகிறது. ஓடுபாதைவரை ஊர்ந்து செல்வது, புறப்பாட்டுக்கான காத்திருப்பு, மேலேறுவது, வேகம் குறைத்து இறங்குவது எல்லாம் அதில் சேரும். 50 கி.மீ. வேக எதிர்க்காற்று அடித்தாலும் கூடுவது 4, 5 நிமிடமே. தடம் குறுகியதாக இருப்பதால், வானில் பறக்கும் நேரத்தோடு ஒப்பிட்டால் தரையில் செலவாகும் நேரமே பெரிதாகத் தெரிகிறது. இலங்கையின் நேரம் 2006 ஏப்ரல் முதல் இந்திய நேரத்தோடு ஒத்திருப்பதால் கைக்கடிகாரத்தைத் திருத்த வேண்டியதில்லை.

சேவை வரலாறு

பலாலி ஓடுபாதை இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் விமானப்படை அமைத்தது. 1947 டிசம்பர் 10 அன்று ஏர் சிலோன் தொடங்கிய முதல் சேவையே கொழும்பை அடுத்த ரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை (பலாலி) வழியாகச் சென்னைக்குத்தான். பின்னர் உள்நாட்டுப் போர்க்காலத்தில் நிலையம் ராணுவத்தின் பிடியில் இருந்தது. 2019 அக்டோபர் 17 அன்று அது சர்வதேச நிலையமாகத் திறக்கப்பட்டது. அதே ஆண்டு நவம்பரில் அலையன்ஸ் ஏர் சென்னைச் சேவையைத் தொடங்கியது. கொரோனாவால் 2020இல் நின்ற சேவை 2022 டிசம்பரில் மீண்டது. 2024 செப்டம்பரில் இண்டிகோவும் சேர்ந்தது.

இச்சேவை இல்லாத காலத்தில் சென்னையிலிருந்து யாழ்ப்பாணம் செல்பவர் கொழும்பு விமான நிலையம் உள்ள கட்டுநாயக்கவில் இறங்கி, மறுபடி 350 கி.மீ.க்கு மேல் தரைவழியே வடக்கே திரும்பிவர வேண்டியிருந்தது. மொத்தம் ஏறத்தாழ 1,000 கி.மீ. உண்மையில் மீனம்பாக்கத்திலிருந்து மதுரை விமான நிலையம் நேர்கோட்டில் சுமார் 417 கி.மீ.; பலாலி அதைவிட 60 கி.மீ. கிட்டத்தில் இருக்கிறது.