சிவப்பு முக்கோணம்

இந்தியக் குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் அடையாளக் குறி சிவப்பு முக்கோணம். மூன்று பக்கமும் சமமாக, முனை கீழ்நோக்கி நிற்கும் செந்நிற வடிவம். அதற்குள் ஓர் எழுத்துகூடக் கிடையாது. 1960-களில் நடுவண் அரசின் குடும்பக் கட்டுப்பாட்டுத் துறையில் விளம்பரப் பணியைக் கவனித்த தீப் தியாகி இதன் கர்த்தா. ஃபோர்டு அறக்கட்டளை ஆலோசகர் ஃபிராங்க் வைல்டர் அவருக்குத் துணை நின்றார்.

உலகிலேயே முதலாவதாக, 1952-இல் இந்தியா குடும்பக் கட்டுப்பாட்டை அரசுத் திட்டமாக ஏற்றது. ஆனால் ஆரம்பகாலப் பிரசாரம் சிறு குடும்பத்தின் மேன்மையைப் பொதுவாகப் புகழ்ந்ததோடு சரி. எத்தனை பிள்ளை என்றால் சிறு குடும்பம்? எட்டுப் பெற்ற பக்கத்து வீட்டைப் பார்த்தால், ஐந்து பெற்றவருக்குத் தம் வீடு சிறியதாகத்தானே தெரியும்! போதாக்குறைக்கு, 1961 கணக்கெடுப்பின்படி எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் 28 விழுக்காட்டினர்தான். சுவரொட்டிகளோ வாசகங்களால் நிறைந்திருந்தன.

தியாகியும் வைல்டரும் எண்ணைச் சொல்லிவிட்டார்கள்: இரண்டு அல்லது மூன்று, அதோடு போதும். கூடவே தாய், தந்தை, மகன், மகள் ஆகியோரின் நான்கு சிரித்த முகங்கள், ஒரு முக்கோணம். எந்த மொழிக்காரரும் பார்த்த மாத்திரத்தில் அறியும்படி, நாடு முழுவதும் அதே படம், அதே செய்தி. ஆரம்ப சுகாதார நிலையச் சுவர்களிலும் பேருந்துகளின் முதுகிலும் அது ஏறியது. முக்கோணத்தின் இந்திப் பெயரையே சூட்டி, ஊர் ஊராக ஒரு யானையையும் நடத்திச் சென்றார்கள். சலிக்கும்வரை திரும்பத் திரும்பக் காட்டுவதுதான் உத்தி. கலைநயம் தேடுவோருக்கு இது உவப்பாக இராது. ஆனால் முக்கோணம் தெரிந்தால் அங்கே ஆலோசனையோ கருத்தடைச் சாதனமோ கிடைக்கும் என்பது பாமரருக்கும் விளங்கியது.

குறி காட்டிய பொருள் கைக்கு எட்டும் தூரத்திலும் இருக்க வேண்டுமே. 1968-இல் அரசு மானிய விலையில் நிரோத் ஆணுறையைக் கொண்டுவந்தது. மூன்று உறைகள் 15 காசு. தேயிலையும் சோப்பும் விற்கும் பெரு நிறுவனங்களின் விநியோக வலை வழியே அது பெட்டிக் கடைவரை போனது. இதற்கு முதலில் கருதப்பட்ட பெயர் காமதேவனை நினைவூட்டும் ‘காமராஜ்’. அப்போது காங்கிரஸ் கட்சியின் தலைவர் யார் என்பது நினைவுக்கு வந்ததும் அதைக் கைவிட்டார்கள். நிரோத் என்பதே தமிழ்நாட்டில் பல்லாண்டுகள் ஆணுறையின் பொதுப்பெயராக வழங்கியது.

தியாகி 1969-இல் காலமானார். பின்னாளில் பிலிப் ஹார்வி என்ற அமெரிக்கர் தொடங்கிய டி.கே.டி. என்னும் கருத்தடைச் சாதன விநியோக அமைப்பு அவருடைய முழுப்பெயரின் முதலெழுத்துகளைத் தாங்கியது. இந்தியாவில் வாசகம் சொன்ன பிள்ளைகளின் எண்ணிக்கை மட்டும் இறங்கிக்கொண்டே வந்தது. ‘நாம் இருவர் நமக்கு இருவர்’ என்பது தமிழ்நாட்டுச் சுவர்களில் நிலைத்தது. முக்கோணம் மாறவில்லை.

அதன் பொருள் மாறியது நெருக்கடிநிலைக் காலத்தில். மாநிலங்கள் இலக்கு வைத்தன. ஆசிரியர் முதல் வருவாய்த்துறை ஊழியர் வரை ஆள் பிடிக்க அனுப்பப்பட்டனர். வட மாநிலங்களில் கட்டாய அறுவைகள் நடந்தன. 1976-77-இல் மட்டும் சுமார் 82 லட்சம் கருத்தடை அறுவைகள், பெரும்பாலானவை ஆண்களுக்கு. வாருங்கள் என்று அழைத்த அடையாளம் ஓடி ஒளிய வைத்தது. 1977 தேர்தலில் ஆட்சி வீழ்ந்ததும் திட்டத்தின் பெயர் ‘குடும்ப நலம்’ ஆயிற்று. அடுத்த ஆண்டு அறுவைகளின் எண்ணிக்கை 10 லட்சத்துக்கும் கீழே சரிந்தது. குறியை வரைந்தவர்கள் மீது இந்தப் பழியைப் போட முடியாது என்றாலும், மக்கள் பார்த்தது குறியைத்தான்.

தமிழ்நாடு 1990-களிலேயே சராசரியாகப் பெண்ணுக்கு இரண்டு பிள்ளைகள் என்ற அளவை நெருங்கிவிட்டது. இதில் முக்கோணத்தின் பங்கைத் தனியே பிரித்துக் காட்டுவது கடினம். பெண்கல்வி, குழந்தை இறப்புக் குறைவு, கிராமச் செவிலியர்களின் உழைப்பு எல்லாம் கலந்தே கிடக்கின்றன. ஆண்களுக்கான அறுவை நெருக்கடிநிலைக்குப் பின் மீளவே இல்லை. இன்று தமிழ்ப் பேச்சில் ‘குடும்பக் கட்டுப்பாடு பண்ணியாச்சு’ என்றால் இரண்டாவது பிரசவத்தோடு மனைவிக்கு அறுவை முடிந்துவிட்டது என்றுதான் கேட்பவர் எடுத்துக்கொள்கிறார்.