பால்டிக் கடல்: பகைமையைத் தாண்டிய ஓர் உடன்படிக்கை

கடலில் யாரும் வேலி போட முடியாது. ஒரு நாட்டின் ஆறு கொண்டுவந்து சேர்க்கும் கழிவு, அடுத்த நாட்டின் கரையில் ஒதுங்குகிறது. ஆகவே, பல நாடுகளுக்குப் பொதுவான ஒரு கடலை எந்த நாடும் தனித்து நின்று காப்பாற்ற இயலாது. இந்த உண்மையை நமக்குத் தெளிவாக எடுத்துக்காட்டுகிறது, வட ஐரோப்பாவின் பால்டிக் கடல்.

எளிதில் நோயுறும் கடல்

டென்மார்க், சுவீடன், பின்லாந்து, இரஷ்யா, எஸ்டோனியா, லாத்வியா, லித்துவேனியா, போலந்து, ஜெர்மனி ஆகிய 9 நாடுகள் இக்கடலைச் சூழ்ந்துள்ளன. இதன் சராசரி ஆழம் ஏறத்தாழ 55 மீட்டர்தான். டென்மார்க்கை ஒட்டிய குறுகிய நீரிணைகள் வழியாக மட்டுமே வெளிக்கடல் நீர் உள்ளே வருவதால், முழு நீரும் மாறுவதற்கு ஏறத்தாழ 30 ஆண்டுகள் ஆகின்றன. உள்ளே விழுந்த அழுக்கு எளிதில் வெளியேறுவதில்லை.

இக்கடலில் கலக்கும் ஆறுகளின் படுகைகளில் சுமார் எட்டரைக் கோடி மக்கள் வாழ்கின்றனர். வயல்களின் உரமும் நகரங்களின் சாக்கடையும் கடலில் சேரும்போது பாசி மண்டுகிறது. அது மடிந்து அடியில் அழுகும்போது நீரிலுள்ள பிராணவாயு தீர்ந்துபோகிறது. ஆழமான பகுதிகளில் மீன்கள் வாழ இயலாத நிலை உருவாகிறது.

ஒரே மேசையில் பகைவர்கள்

1974ஆம் ஆண்டு மார்ச் 22ஆம் தேதி, பின்லாந்தின் தலைநகர் ஹெல்சிங்கியில் அன்றைய 7 கரையோர நாடுகள் ஓர் உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. அது பனிப்போர்க் காலம். சோவியத் ஒன்றியமும், மேற்கு, கிழக்கு என்று பிரிந்திருந்த இரு ஜெர்மனிகளும் அதில் இணைந்தன என்பது குறிப்பிடத்தக்கது. நிலம், கப்பல், காற்று என மூன்று வழிகளிலும் வரும் மாசினைத் தடுக்க அவை உறுதியளித்தன. 1980இல் இது நடைமுறைக்கு வந்தது. சோவியத் ஒன்றியம் சிதைந்தபின், 1992இல் புதிய உடன்படிக்கை உருவாகி, 2000ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்தது. இதனைக் கண்காணிக்கும் ஆணையம் 'ஹெல்காம்' எனப்படுகிறது.

கண்ட பலனும் காணாத பலனும்

டிடிடி, பிசிபி போன்ற நச்சுப் பொருள்கள் தடைசெய்யப்பட்டதால், முட்டை ஓடு மெலிந்து அழியும் நிலையிலிருந்த வெண்வால் கழுகு மீண்டும் பெருகியது. 1970களில் சில ஆயிரங்களாகச் சுருங்கிய சாம்பல்நிறக் கடல்நாய்களும் பல மடங்கு பெருகின. 2005இல் பின்லாந்து, சுவீடன் நாடுகளின் உதவியுடன் இரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் பெரிய கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் திறக்கப்பட்டது. அண்டை வீட்டின் சாக்கடையைச் சீர்செய்ய உதவுவது தன் வீட்டுக்கும் நன்மை என்பதை அந்நாடுகள் உணர்ந்திருந்தன.

ஆயினும், குறைகளும் உண்டு. ஆணையம் ஒருமனதாக எடுக்கும் பரிந்துரைகளுக்குச் சட்டக் கட்டாயம் இல்லை. 2021க்குள் கடலை நல்ல நிலைக்குக் கொண்டுவர 2007இல் வகுத்த திட்டம் இலக்கை எட்டவில்லை; காலக்கெடு 2030க்குத் தள்ளிவைக்கப்பட்டது. இதன் சுமை எளிய மீனவர்மேல் விழுகிறது. கிழக்குப் பால்டிக்கில் காட் மீன் வளம் குன்றியதால், 2019இல் ஐரோப்பிய ஒன்றியம் அம்மீன்பிடிப்பைத் தடைசெய்ய நேர்ந்தது.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ், 'இறைவா உமக்கே புகழ்' என்ற 2015ஆம் ஆண்டுத் திருமடலில் இதே குறையைத்தான் சுட்டிக்காட்டினார். கடல்களைக் காக்க உடன்படிக்கைகள் பல இருந்தும், கண்டிப்பான கண்காணிப்பும் தண்டனையும் இல்லாததால் அவை பயனற்றுப் போகின்றன என்பது அவரது கவலை.

உக்ரைன் போரைத் தொடர்ந்து, 2022 மார்ச் மாதம் இரஷ்யாவுடனான ஹெல்காம் கூட்டங்களை மற்ற உறுப்பினர்கள் நிறுத்திவைத்தனர். போரைக் கண்டிப்பது நியாயமே. ஆனால் பேச்சு நின்றாலும் ஆறுகள் நிற்பதில்லை. அவை கொண்டுவரும் அழுக்கும் நிற்பதில்லை. பனிப்போரிலும் அணையாத அந்த உரையாடல் நீதியோடு மீண்டும் தழைக்க வேண்டும். கடலை நம்பி வாழும் எளியோரை மனதில் கொண்டு, நாமும் அதற்காக ஆவல் கொள்வோம்.