சுக்கிரனது வக்கிரமும் அத்தமனமும்

வானத்தின்கண் இயங்குங் கோள்களுள் ஞாயிறு திங்களை ஒழித்தால் ஒளியான் மிக்கது வெள்ளியேயாம். அதனைச் சுக்கிரன் எனவும் பார்க்கவன் எனவும் வடநூலார் வழங்குவர். விடிவெள்ளியாய்க் கிழக்கினும், மாலைவெள்ளியாய் மேற்கினும் மாறிமாறித் தோன்றுவதும், இடையிடையே கண்ணுக்குப் புலனாகாது மறைவதும், ஒரோவழிப் பின்னிட்டுச் செல்வதுபோலக் காணப்படுவதும் அதன் இயல்பு. மறைவினை அத்தமனம், மௌட்டியம் எனவும், பின்னிடுதலை வக்கிரம் எனவும் சோதிட நூல்கள் கூறும். இவ்விரண்டனையும் தம்முள் தொடர்பில்லாத இருவேறு குற்றங்களாகக் கொண்டு, சுக்கிரன் வக்கிரித்தான் ஆகலின் மங்கலங் கெட்டது, அத்தமித்தான் ஆகலின் செல்வங் கெட்டது என்று அஞ்சுவார் பலர். பழைய நூல்கள் அங்ஙனங் கூறினவோ? கூறியன எதனை அடிப்படையாகக் கொண்டெழுந்தன? இவற்றை ஆராய்தலே இக்கட்டுரையின் கருத்தாகும்.

முதற்கண் வானியல்பினை அறிதல் வேண்டும். வெள்ளி ஞாயிற்றினின்றும் ஏறத்தாழ 47 பாகைக்கு மேல் விலகுவதில்லை. ஆதலின் அஃது ஒரு சுற்றில் ஞாயிற்றை இருமுறை சேரும். ஒருமுறை ஞாயிற்றுக்கு அப்பால் நின்று சேரும். மற்றொருமுறை ஞாயிற்றுக்கும் நிலவுலகிற்கும் இடையே நின்று சேரும். அப்பாற் சேருங்கால் அது நேர்கதியிற் செல்வது. இடையிற் சேருங்கால் வக்கிர கதியிற் செல்வது. இச்சுற்று முற்றுப்பெற ஏறக்குறைய 584 நாட்கள் ஆகும். அதனுள் வக்கிரம் நிகழ்வது 42 நாட்களளவேயாம். இத்தகைய ஐந்து சுற்றுக்கள் எட்டாண்டில் இரண்டு நாட்சில்லறை குறைய முடியும். 2017-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 25-ஆம் நாளில் வக்கிர நடுவே ஞாயிற்றைச் சேர்ந்த வெள்ளி, 2025-ஆம் ஆண்டு அதே திங்கள் 23-ஆம் நாளில் மீண்டும் அவ்வாறே சேர்ந்தமை இதற்குச் சான்றாம்.

இதனாற் பெறப்படுவது யாதெனின், வெள்ளிக்கு அத்தமனம் இரண்டு என்பதும், அவற்றுள் ஒன்று வக்கிரத்தின் நடுவிலேயே நிகழ்வது என்பதுமாம். வக்கிரத்தில் வெள்ளி பின்னும் ஞாயிறு முன்னுமாகச் செல்லுதலின், நாளொன்றுக்கு ஒன்றரைப் பாகைக்கு மேல் அவை தம்முட் பிரியும். நேர்கதியிலோ இரண்டும் ஒரே திசை நோக்கிச் செல்லுதலின், நாளொன்றுக்குக் காற்பாகையளவே பிரியும். ஆகவே வக்கிரத்து மறைவு சின்னாட்களில் நீங்கும். நேர்கதி மறைவு பலநாள் நீளும்.

தமிழ்ப் பழநூல்களும் வெள்ளியின் இயக்கத்தை நோக்கின. புறநானூற்றினும், பட்டினப்பாலையினும், சிலப்பதிகாரத்தினும் வெள்ளி தென்றிசைக்கண் திரிதல் மழை பொய்த்தற்கு அறிகுறியாகக் கூறப்பட்டது. ஆனால் அப்புலவர்கள் அதனைக் கூறியது அச்சுறுத்தற்கன்று. வெள்ளி திசை திரியினும் காவிரி வளங் குன்றாது என்பதை நிறுவுதற்கே அதனைக் கொண்டனர். தென்புலத்து ஒதுங்குதல் வேறு, வக்கிரம் வேறு. எனினும் கோளின் போக்கினைக் கண்ணாற் கண்டு கருதிய பழக்கம் இந்நாட்டிற் பண்டே உண்டென்பதற்கு இவை கரியாவன.

இனி, கணித நூலுக்கு வருவாம். சூரிய சித்தாந்தம் கோள்களின் கதி எட்டு வகைப்படும் என்று கூறி, வக்கிரத்தையும் அவற்றுள் ஒன்றாக வைத்தது. அந்நூலின் ஒன்பதாம் அதிகாரம் கோள்களின் உதயாத்தமனங்களைக் கூறுவது. அதன்கண் வியாழனுக்கு 11, சனிக்கு 15, செவ்வாய்க்கு 17 என ஒவ்வோரெண்ணே விதிக்கப்பட்டது. வெள்ளிக்கோ இரண்டு எண்கள் உள. மேற்கில் மறைந்து கிழக்கில் எழுங்கால் 8. கிழக்கில் மறைந்து மேற்கில் எழுங்கால் 10. முன்னதற்கு அக்கோளின் பெருமையும், பின்னதற்கு அதன் சிறுமையும் காரணமென்று நூலே கூறிற்று. மேற்கில் மறைந்து கிழக்கில் எழுதல் வக்கிரத்தில் நிகழ்வது. அப்பொழுது வெள்ளி நமக்கு அணித்தாதலின் உருவத்தாற் பெரிதாய்க் காணப்படும். ஆகலின் ஞாயிற்றுக்கு மிக அணுகிய பின்னரே மறையும். தொலைநோக்கிக் கருவி தோன்றுதற்குப் பன்னூறாண்டுகட்கு முன்னரே இவ்வேறுபாட்டினைக் கண்டெழுதிய ஆசிரியரின் கண்கூர்மை வியக்கற்பாலது.

ஈண்டு மற்றொன்று கருதற்பாலது. எட்டும் பத்துமாகிய இவ்வெண்கள் இராசி மண்டலத்துப் பாகைகள் அல்ல, காலபாகைகள் ஆவன. ஒரு நாளாகிய 60 நாழிகைக்கு 360 பாகையாதலின், ஒரு காலபாகை 10 விநாழிகை. எனவே வக்கிரத்தில் வெள்ளிக்கும் ஞாயிற்றுக்கும் உதய வேறுபாடு 80 விநாழிகை, அஃதாவது 32 நிமிடம், இருத்தல் வேண்டும். நேர்கதியில் 100 விநாழிகை, அஃதாவது 40 நிமிடம், இருத்தல் வேண்டும். கோளின் விட்சேபமும் காண்பானுடைய ஊரும் இதன்கண் அடங்கும். இதனை உணராது, இராசிச் சக்கரத்தில் ஞாயிற்றுக்கும் வெள்ளிக்கும் உள்ள பாகைகளை மட்டும் கழித்துப் பார்த்து, பத்துக்குட்பட்டதாகலின் அத்தமனம் என்று துணிதல் நூற்கருத்தன்று.

முகூர்த்த நூல்களும் இவ்வியல்பினையே தழுவின. காசியில் இராம தைவஞ்ஞர் 1600-ஆம் ஆண்டில் இயற்றிய முகூர்த்த சிந்தாமணி, சுக்கிர அத்தமனத்தில் மணம், உபநயனம், தெய்வப் பிரதிட்டை முதலியன விலக்கற்பாலன என விதிப்பது. மறைதற்கு முன்னுள்ள முதுமை நாட்களும், எழுந்தபின் உள்ள இளமை நாட்களும் விலக்கப்படுவன. கிழக்கில் எழுந்த வெள்ளிக்கு இளமை 3 நாள், மேற்கில் எழுந்ததற்கு 10 நாள். கிழக்கில் மறைதற்கு முன் முதுமை 15 நாள், மேற்கில் மறைதற்கு முன் 5 நாள். இவ்வெண்கள் மனம் போனவாறு வகுக்கப்பட்டன அல்ல என்பது நோக்குவார்க்கு விளங்கும். சிறிய எண்களாகிய மூன்றும் ஐந்தும் விரைந்து நீங்கும் வக்கிர அத்தமனத்திற்கு உரியன. பெரிய எண்களாகிய பத்தும் பதினைந்தும் மெல்ல நீங்கும் நேர்கதி அத்தமனத்திற்கு உரியன. எனவே விதியின் உயிர் வானக் காட்சியேயன்றி வேறன்று.

அற்றேல், சாதகத்தில் இவை எவ்வாறு கொள்ளப்பட்டன எனின், கூறுதும். ஆறாம் நூற்றாண்டினராகிய வராகமிகிரர் தமது பிருகச்சாதகத்தில் வக்கிரம் பெற்ற கோளினைச் சேட்டாபலம் உடையதென்றார். ஆகவே வக்கிரம் அவர்க்குக் குறைவன்று, வலிமையேயாம். அத்தமனம் பெற்ற கோள்கள் ஆயுள் தருவதிற் பாதி இழக்கும் என்று விதித்தவர், அவ்விதியினின்றும் இரண்டு கோள்களை விலக்கினார். அவை சுக்கிரனும் சனியுமாம். முகூர்த்தத்தில் எந்தக் கோளின் மறைவு பெரிதும் அஞ்சப்படுகின்றதோ, அந்தக் கோளையே ஆயுட் கணக்கில் அவ்வாசிரியர் விலக்கி வைத்தமை உற்றுநோக்கற்பாலது. ஒரு துறைக்குரிய விதியை மற்றொரு துறைக்கண் ஏற்றிப் பிறந்த குழந்தையின் வாழ்வே கெட்டதென்று பெற்றோரைக் கலங்கச் செய்தல், நூலறிவின்மையால் நேரும் பிழையாம்.

வானத்தை நோக்காது ஏட்டை மட்டும் நோக்கும் வழக்கம் பிற்காலத்து வேரூன்றியது. அதனைக் களைய முயன்றவர்களுள் சென்னை வானோக்கு நிலையத்தின் முதல் உதவியாளராயிருந்த சிந்தாமணி இரகுநாதாசாரியார் ஒருவர். 1874-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 9-ஆம் நாள் வெள்ளி ஞாயிற்று வட்டத்தின் குறுக்கே சென்றது. அந்நிகழ்ச்சியை மக்கள் உணருமாறு அவர் முன்னரே ஒரு சிறு நூல் வெளியிட்டார். பஞ்சாங்கம் கண்கூடான காட்சியோடு ஒத்தல் வேண்டும் என்றும் வற்புறுத்தினார். வக்கிரத்தின் நடுவில், அத்தமனத்தின் முதிர்ச்சியில், முற்றும் மறைந்ததாகக் கருதப்படும் வெள்ளி, அந்நாளில் ஞாயிற்றின்மீது ஒரு கரும்புள்ளியாய்க் காணப்பட்டது. மறைவு என்பது கோளின் அழிவன்று, நம் காட்சியின் தடையே என்பதற்கு இதனினுஞ் சிறந்த சான்று வேண்டா.

இனிச் சைவர் இதனை எவ்வாறு கொள்ளற்பாலர்? வினையுஞ் சடம், கோளுஞ் சடம். சடப்பொருள் தானே அறிந்து உயிர்க்குப் பயனூட்டாது. இருவினைப் பயனைக் கூட்டுவிப்பது இறைவனது ஆணையே என்பது சித்தாந்தத் துணிபு. திருமறைக்காட்டினின்றும் மதுரைக்குப் புறப்பட்ட திருஞானசம்பந்தப் பிள்ளையாரை, நாளுங் கோளும் நல்லவாயில்லை என்று அப்பர் அடிகள் தடுத்தார். பிள்ளையார் கோளறு திருப்பதிகம் அருளி, வெள்ளியையும் ஏனைக் கோள்களோடு எண்ணி, அவை அடியார்க்கு நல்லனவேயாம் என்று அறுதியிட்டுச் சென்றார். அப்பர் கூறியது அன்பினால் எழுந்தது. பிள்ளையார் கூறியது திருவருள் உறைப்பினால் எழுந்தது. கோளின் கணக்கு பொய்யென்று இருவருங் கூறினாரல்லர். அதற்கு மேலாயதொரு தலைமை உண்டென்பதே அங்குத் தெளிவிக்கப்பட்டது.

அற்றேல் நாட்பார்த்தல் வேண்டாவோ எனின், அற்றன்று. காலத்தை வரையறுத்துப் பலர் கூடிச் செய்யும் மங்கல வினைகட்கு ஒழுங்கு வேண்டும். அவ்வொழுங்கினை மரபு வகுத்தது. அதனைக் கொள்வார் செம்மையாக அறிந்து கொள்க. மாலையில் மேல்வானையும் விடியலிற் கீழ்வானையும் நோக்கி, வெள்ளி மறைந்த நாளையும் எழுந்த நாளையும் தம் கண்ணாற் காண்க. பத்து நாளளவில் நீங்கும் மறைவையும் இரண்டு திங்களினும் நீளும் மறைவையும் ஒன்றாக மயங்காதிருக்க. வலிமையென நூல் கூறிய வக்கிரத்தைக் கேடென்று கொண்டு, குற்றமில்லாத மகளொருத்தியின் மணத்தைத் தடுத்து நிறுத்தாதிருக்க. அறிந்து கொள்ளும் விதி ஒழுக்கமாம். அறியாது கொள்ளும் விதி அச்சமாம்.