கூச்சலின் கணக்கு

ஞாயிற்றுக்கிழமை முட்டுக்காடு படகுத் துறையில் நின்று, எதிர்ப்படகில் போகும் உறவினரைக் கூப்பிட்டுப் பாருங்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தும் இடத்தில் யார் குரலும் யாரையும் எட்டாது.

இந்தக் குழப்பத்துக்குச் சூத்திரம் எழுதியவர்களில் ஒருவர், இங்கிருந்து வடக்கே சென்னை ஐ.ஐ.டி.யில் 1973-இல் மின்பொறியியல் படித்து முடித்த பி.ஆர். குமார். 1977-இல் செயின்ட் லூயிஸில் முனைவர் பட்டம் பெற்றார். அவருடைய துறை கட்டுப்பாட்டுக் கோட்பாடு: இயல்பு முழுதும் தெரியாத இயந்திரத்தை, ஓட்டிக்கொண்டே புரிந்துகொண்டு அடக்கும் வித்தை. பிரவீன் வரையாவுடன் 1986-இல் அதைப் பற்றி ஒரு நூலே எழுதினார்.

ஆனால் அதிகம் மேற்கோளானது வேறொன்று. இல்லினாய் பல்கலைக்கழகத்தில் மாணவர் பியூஷ் குப்தாவுடன் எழுதி 2000-இல் வெளியிட்ட கட்டுரை, படகுத் துறைக் குரல்கள் போல ஒன்றையொன்று அமுக்கும் கம்பியில்லாக் கருவிகள் பெருகப் பெருக, ஒவ்வொன்றும் அனுப்பக்கூடிய தகவலின் பங்கு சுருங்கும் என்று நிறுவியது. கருவிகள் 100 மடங்கானால், எவ்வளவு நன்றாக அடுக்கினாலும் தலைக்குக் கிடைப்பது ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். ஆயிரக்கணக்கான ஆய்வுகள் அதைச் சுட்டின; பல, அந்த எல்லையைத் தாண்ட வழி தேடியவை.

வேடிக்கை என்னவென்றால், அது வெளிவந்தது கட்டுப்பாட்டுத் துறை இதழில் அல்ல, தகவல் கோட்பாட்டு இதழில். ஆனாலும் 2006-இல் அதே குமாருக்குக் கட்டுப்பாட்டு அமைப்புகளுக்கான ஐ.இ.இ.இ. விருது கிடைத்தது.