கண்ணும் வழிச்செலவும்

கண்புரைக்குச் சிகிச்சை செய்வது நம் நாட்டுக்குப் புதிய வித்தையன்று. சுசுருத சம்ஹிதையிலேயே அதற்கு விதி சொல்லப்பட்டிருக்கிறது என்பதோடு, விழியில் ஊசி செலுத்தும் வைத்தியம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரையில் கிராமங்களில் நடமாடிக்கொண்டுதான் இருந்தது. ஊர் ஊராய்த் திரியும் வைத்தியர், கிழவரைத் திண்ணையில் உட்கார்த்தி, புரையேறிய வில்லையை ஊசியால் கீழே தள்ளிவிடுவார். அந்தக் கணமே, நீட்டிய விரல்களை எண்ணிச் சொல்லும் அளவுக்கு வெளிச்சம் திரும்பிவிடும். கண் சிவந்து சீழ் கோக்கும் நாளில் வைத்தியர் நாலு ஊர் தாண்டிப் போயிருப்பார். சென்னைக் கண் மருத்துவமனையின் தலைவராயிருந்த எலியட் என்ற ஆங்கிலேயர், இவ்வாறு பாழான கண்களை ஆராய்ந்து 1917-இல் தனி நூலே எழுதினார்.

1819-இல் தோன்றிய அந்த மருத்துவமனை பழமையில் லண்டன் மூர்ஃபீல்ட்ஸுக்கு அடுத்ததாகப் பேசப்படுவது. ஆயினும் எழும்பூரில் தர்மமாகவே சிகிச்சை கிடைத்தாலும், ராமநாதபுரத்துக் கிழவிக்கு அது எட்டாக் கனிதான். பார்வையற்றவள் தனியே ரயிலேற முடியாது, துணைக்கு மகன் வந்தால் அத்தனை நாள் கூலி போய்விடும், அவன் கூலி போனால் வீட்டில் உலை ஏறாது.

இந்தக் கணக்கு டாக்டர் கோ. வெங்கடசாமிக்குப் புரிந்திருந்தது. 1918-இல் வடமலாபுரத்தில் பிறந்து, ராணுவ வைத்தியராகி, முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போன பின்னர் அதே விரல்களைச் சத்திரக் கத்திக்குப் பழக்கிய அவர், 1956-இல் மதுரை எர்ஸ்கின் ஆஸ்பத்திரியின் கண் பிரிவுக்குத் தலைமையேற்றார். பிறகு கண் முகாம்களைக் கிராமங்களுக்கே கொண்டுபோனார். பள்ளிக்கூடத்தில் பெஞ்சுகளை ஓரங்கட்டி, பாய் விரித்து, கட்டுப்போட்ட கண்களோடு கிழவர்கள் வரிசையாகத் தலை அசையாமல் படுத்திருந்த காலம் அது.

ஓய்வு பெற்ற 1976-இல் அவர் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையில் பதினொரு படுக்கைகளே இருந்தன. வசதியுள்ளோர் தரும் கட்டணம் இல்லாதவர்களின் செலவைத் தாங்கும் என்பது ஏற்பாடு. அறுவை மதுரை மருத்துவமனையிலேயே என்றானபின், முகாமில் பரிசோதித்து அங்கே வரச் சொன்னவர்களில் பலர் வரவேயில்லை. காரணம் விசாரித்தால் பழைய கதைதான்: பஸ் கூலி, சாப்பாடு, துணை. அதன் மேல் பஸ்ஸும் சோறும் மருத்துவமனையின் பொறுப்பாயின; ஒரே ஊர்க்காரர்கள் கூட்டமாய் ஏறியதால் ஒருவருக்கொருவர் துணையும் ஆனார்கள். என் கணிப்பில், கத்தியின் நேர்த்திக்குச் சற்றும் குறையாத தர்மம் அந்தப் பஸ்.

அக்காலத்து அறுவையில் வில்லையையே எடுத்துவிடுவதால் சோடாபுட்டிக் கண்ணாடி இன்றி எதுவும் தெளியாது. என் பாட்டி இரவில் அதைக் கழற்றிப் பித்தளைச் சொம்புக்குள் போட்டு மூடிவைப்பாள். எலி உருட்டி உடைத்துவிட்டால் அவளுக்குப் பொழுது விடிந்தும் விடியாத கதைதான். 1992-இல் மதுரையிலேயே அரவிந்தின் ஆரோலேப் நிறுவனம் விழிக்குள் பொருத்தும் வில்லைகளைச் செய்யத் தொடங்கி, வெளிநாட்டுச் சரக்கின் விலையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குக்குக் கொடுத்தது. அதன்பின் முகாம் பஸ்ஸில் போய்த் திரும்பிய எதிர்வீட்டு அத்தை கண்ணாடியே இல்லாமல் வந்து நின்றபோது, பாட்டி நம்பாமல் அவள் மூக்கையும் காதோரத்தையும் விரலால் தடவித் தேடிப் பார்த்தாள்.