சேவைத் தரக் கொள்கை (ரவுட்டர்)

நெரிசல் நேரும்போது ரவுட்டரில் எந்தத் தரவுப் பொட்டலம் முந்தலாம், எது காத்திருக்க வேண்டும், எதைக் கைவிடலாம் என வகுக்கும் விதித்தொகுப்பு. சிஸ்கோ ரவுட்டர்களில் கிளாஸ்-மேப் போக்குவரத்தை இனம்பிரிக்கும். பாலிசி-மேப் ஒவ்வோர் இனத்துக்கும் பேண்ட்வித் பங்கை ஒதுக்கும். சர்வீஸ்-பாலிசி கட்டளை அதை இடைமுகத்தில் பொருத்தும். இனம்பிரிக்கப் பெரிதும் உதவுவது ஐபி தலைப்பிலுள்ள 6 பிட் டிஎஸ்சிபி குறியீடு. 1998இல் வரையறுக்கப்பட்ட இது 64 மதிப்புகளை ஏற்கும்; குரல் அழைப்புக்கு வழக்கமாக 46. ஒருவழித் தாமதம் 150 மில்லிநொடியைத் தாண்டினால் உரையாடல் தடுமாறத் தொடங்கும் என்பதால், குரலுக்குத் தனி முன்னுரிமை வரிசை தரப்படுகிறது. அவ்வரிசைக்கு உச்சவரம்பு வேண்டும். இல்லையேல் மற்றவை பட்டினிதான். இக்கொள்கை பேண்ட்வித்தைக் கூட்டாது. பொது இணையத்தில் இக்குறியீடுகள் மதிக்கப்படும் என்ற உறுதியும் கிடையாது.